கிராமில் ஒரு கணக்கு, கோடியில் ஒரு கணக்கு

2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒப்புதல் அளித்த செலவுகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1,14,095 பிள்ளைகளுக்கு உணவு தர 33.56 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மற்றொன்று, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட். அதற்கு ஒதுக்கிய தொகை 92.13 கோடி ரூபாய். காலை உணவுக்கான ஆணை ஒரு வீட்டுத் தலைவி போடும் கணக்கைப் போல நுணுக்கமானது. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், எந்தக் கிழமையில் உப்புமா, எந்தக் கிழமையில் பொங்கல், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 12.75 ரூபாய் என்று எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. சாம்பார் தண்ணீராக இருந்தால் அதைக் கேட்க ஒரு தாய்க்கு ஆதாரம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கையும் உலையில் போட்ட அரிசியும் பொருந்தாவிட்டால் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். பூஞ்சேரிச் செலவுக்கு அப்படி ஓர் அலகு எழுதி வைக்கப்படவில்லை. எத்தனை பயணிகள் வந்தால், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் சதுரங்கம் கற்றால், எத்தனை ஆண்டுகளுக்கு அந்தப் பயன் நீடித்தால் அந்த 92 கோடி தகும் என்பது முன்கூட்டியே சொல்லப்படவில்லை.

ஒலிம்பியாட் நடத்தியது தவறு என்பது இக்கட்டுரையின் கருத்து அன்று. ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி உக்ரைன் போரால் இடம் மாறியபோது, சில மாத அவகாசத்தில் 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளை வரவேற்று, குறையின்றி நடத்திக் காட்டியது பெரிய நிர்வாகச் சாதனை. கேள்வி வேறு. பொதுச்சேவைக்குப் போகும் பணத்தைக் கிராமில் அளக்கத் தெரிந்த அரசு, விழாவுக்கும் சுற்றுலா நிகழ்ச்சிக்கும் போகும் பணத்தைக் கோடியில் மட்டும் ஏன் சொல்கிறது? அளவு எங்கே முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே எளிய மனிதரும் கணக்குக் கேட்க முடியும். அளவு எழுதப்படாத இடத்தில் மிகத் திறமையான தணிக்கையாளரும் வெறுங்கையோடுதான் நிற்பார். ஆகவே விழாச் செலவின் மீதான கண்காணிப்பு விழா முடிந்த பிறகு அல்ல, அது அறிவிக்கப்படும் நாளிலேயே தொடங்க வேண்டும் என்பதே நம் அனுபவமும் பிற நாடுகளின் அனுபவமும் சொல்லும் பாடம்.

இப்போது உள்ள ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். அரசின் இத்தகைய எந்தச் செலவும் மானியக் கோரிக்கையாகச் சட்டமன்றத்துக்கு வந்து வாக்கு பெற வேண்டும். ஆண்டின் நடுவில் முளைக்கும் செலவு துணை மதிப்பீட்டில் வரும். செலவான பின் சிஏஜி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் அதைத் தணிக்கை செய்கிறார். அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் அந்தப் பதவிக்கு உரியவை. அவருடைய அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்படும். பிறகு பொதுக் கணக்குக் குழு ஒவ்வொரு தணிக்கைப் பத்தியாக எடுத்துத் துறைச் செயலாளர்களை விசாரிக்கும், பரிந்துரை செய்யும், அந்தப் பரிந்துரை மீது என்ன செய்தீர்கள் என்று மறுபடி கேட்கும். மத்தியில் 1921 முதல் இத்தகைய குழு இருக்கிறது. 1967 முதல் மக்களவையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே அதன் தலைவராக இருப்பது மரபு. தமிழ்நாட்டில் 2021இல் அமைந்த சட்டமன்றத்திலோ ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சியைச் சேர்ந்தவரே அந்தப் பொறுப்பில் அமர்ந்தார். மற்றொரு பலவீனம் காலம். அறிக்கையை எத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று 151ஆவது பிரிவு கெடு விதிக்கவில்லை. டெல்லியில் பதினான்கு அறிக்கைகள் அவைக்கு வராமல் தேங்கி நின்று, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரியில்தான் அவை வெளிவரத் தொடங்கின.

இந்தத் தாமதம் எல்லாச் செலவையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரேஷன் கடையும் அரசு மருத்துவமனையும் பள்ளிச் சத்துணவுக் கூடமும் ஆண்டு முழுதும், ஆண்டுதோறும் இயங்குபவை. மூன்று ஆண்டு தாமதமாக வந்த தணிக்கைக் குறிப்பும் அங்கே பயன்படும். ஏனென்றால் அந்தக் கடையும் அந்த மருத்துவமனையும் அதே இடத்தில் இருக்கும், அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். பதினான்கு நாள் விழாவுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை. பந்தல் பிரிக்கப்பட்டிருக்கும், ஒப்பந்ததாரர் வேறு ஊருக்குப் போயிருப்பார், பொறுப்பு அதிகாரி வேறு துறைக்கு மாற்றப்பட்டிருப்பார், ஏற்பாட்டுக் குழுவே கலைந்திருக்கும். நிலையான சேவையை மனத்தில் வைத்து உருவான தணிக்கை ஏற்பாடு, கூடிக் கலையும் நிகழ்ச்சியை எட்டிப் பிடிப்பதற்குள் அது வரலாறாகிவிடுகிறது.

பொதுச்சேவைக்கு இன்னொரு காவலும் வாய்த்திருக்கிறது: பயனாளியின் கண். 1994இல் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு மக்கள் விசாரணைக் கூட்டம் ஒன்றை நடத்தியது. அரசு வேலைகளின் கணக்கை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். தங்கள் பெயரில் எழுதப்பட்டிருந்ததும் தங்கள் கைக்கு வந்ததும் ஒன்றா என்று கேட்டவர்கள் அங்கேயே சொன்னார்கள். அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாகவே 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. தமிழ்நாடு 1997இலேயே அப்படி ஒரு சட்டத்தை நாட்டிலேயே முதலாவதாக இயற்றியது, விதிவிலக்குகள் மிகுந்து அது வலுவிழந்திருந்தாலும். நூறு நாள் வேலைத் திட்டச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அதற்கென 2013இல் ஒரு தனிச் சங்கம் அமைந்தது. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். நகர்ப்புறச் சேவைகளுக்கு பெங்களூரில் 1994 முதல் குடிமக்களே மதிப்பெண் வழங்கும் முறை வந்தது. தண்ணீர், மின்சாரம், மருத்துவமனை என்று ஒவ்வொரு துறையும் அந்த மதிப்பெண்ணால் கூச்சப்பட நேர்ந்தது. இவற்றில் குறைகள் ஏராளம். பல கிராம சபைகள் கையெழுத்து வாங்குவதோடு முடிகின்றன. சமூகத் தணிக்கையில் கண்டறிந்த தொகையை வசூலிப்பது அரிதாகவே நடக்கிறது. ஆனாலும் தனக்கு என்ன வர வேண்டும் என்று பயனாளிக்குத் தெரியும். அதுதான் இந்த முறைகள் அனைத்துக்கும் அடித்தளம்.

விழாச் செலவில் இந்த அடித்தளம் இல்லாமல் போவதற்கு அதன் இயல்பிலேயே காரணங்கள் உள்ளன. தேதி மாற்ற முடியாதது, ஆகவே கடைசி நேர அவசரம் எல்லா விதிவிலக்குக்கும் நியாயமாகிவிடுகிறது. பணம் பெரும்பாலும் ஒரு சங்கம், கூட்டமைப்பு அல்லது தனியார் பங்காளி வழியாகப் போகிறது. செலவு பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது: சாலை மாநகராட்சிக் கணக்கில், பாதுகாப்பு காவல்துறைக் கணக்கில், விளம்பரம் செய்தித் துறைக் கணக்கில். பயனைக் கணக்கிட்டுச் சொல்பவரும் விழாவை நடத்துபவராகவே இருக்கிறார். இந்த நான்கும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010 டெல்லி காமன்வெல்த் போட்டி நமக்குத் தெரிந்த பெரிய சான்று. 2003 நவம்பரில் போட்டி டெல்லிக்கு வழங்கப்பட்டது. ஏறக்குறைய ஏழு ஆண்டு அவகாசம் இருந்தது. அந்த அவகாசம் முறையாகப் பயன்படவில்லை என்பதே சிஏஜியின் முதன்மையான குறை. 2003இல் 1,200 கோடி என்று சொல்லப்பட்ட மதிப்பீடு 2010 அக்டோபரில் 18,532 கோடியாக வளர்ந்திருந்தது. அரசுப் பணத்தில் இயங்கிய ஏற்பாட்டுக் குழு, அரசுக் கட்டுப்பாட்டில் இல்லாத பதிவுபெற்ற சங்கமாக இருந்தது. நாம் மறந்துவிடும் ஒரு விவரம் இங்கே முக்கியம். போட்டிக்கு ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, 2009 ஜூலையில், ஆயத்தநிலை பற்றிய ஓர் அறிக்கையை சிஏஜி கொடுத்திருந்தார். அந்த எச்சரிக்கைக்கு இத்தனை நாளுக்குள் அவையில் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. 2011 ஆகஸ்டில் முழு அறிக்கை வந்தபோது எல்லோரும் அதைப் படித்தார்கள். அதற்குள் பணம் செலவாகியிருந்தது.

அதே காலத்தில் லண்டன் வேறு வழியில் போனது. 2012 ஒலிம்பிக்குக்கான முதல் மதிப்பீடு அங்கேயும் பொய்த்தது. ஆனால் 2007 மார்ச்சில் அரசு சுமார் 930 கோடி பவுண்டு என்ற உச்சவரம்பை நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அன்று முதல் போட்டி முடியும்வரை தேசியத் தணிக்கை அலுவலகம் தொடர் அறிக்கைகள் வெளியிட்டது, நாடாளுமன்றக் கணக்குக் குழு அவற்றை வைத்து அதிகாரிகளை நேரில் விசாரித்தது. செலவு அந்த வரம்புக்குள் முடிந்தது. வரம்பைப் பெரிதாக வைத்துக்கொண்டு அதற்குள் முடித்தது என்ன பெருமை என்று அங்கேயே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்க முடிந்ததே வரம்பு முன்கூட்டியே ஊரறிய எழுதப்பட்டிருந்ததால்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதற்கு எதிர்த்திசைச் சான்று. 2026 காமன்வெல்த் போட்டியைச் சுமார் 260 கோடி ஆஸ்திரேலிய டாலரில் நடத்துவதாக 2022இல் ஏற்றுக்கொண்ட அந்த மாநிலம், செலவு பல மடங்காகும் என்று சொல்லி 2023 ஜூலையில் கைவிட்டது. மாநிலத் தலைமைத் தணிக்கையாளரின் 2024 மார்ச் அறிக்கைப்படி, நடக்காத அந்தப் போட்டிக்கு மக்கள் கொடுத்த விலை 58.9 கோடி டாலர். தொடக்க மதிப்பீடு அவசரத்தில் போடப்பட்டது, கைவிடும்போது சொன்ன பெருந்தொகையும் மிகைப்படுத்தப்பட்டது என்று இரு பக்கமும் அந்த அறிக்கை குறை கண்டது. முதல் நாள் கணக்கு பிழையானால் நடத்தினாலும் நட்டம், நிறுத்தினாலும் நட்டம்.

செலவைவிடப் பயனை அளப்பதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. மெல்போர்னின் ஆல்பர்ட் பார்க் பூங்காச் சாலைகளில் நடக்கும் கார் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டுப் பந்தயத்தால் மாநிலப் பொருளாதாரத்துக்கு 17.5 கோடி டாலர் பயன் என்று ஓர் ஆய்வு சொன்னது. 2007இல் மாநிலத் தணிக்கையாளர் அதே பந்தயத்தைச் செலவு, பயன் இரண்டையும் தராசில் வைத்து மீண்டும் கணக்கிட்டார். பயனைவிடச் செலவு 67 லட்சம் டாலர் அதிகம் என்று முடிவு வந்தது. ஒரே பந்தயம், இரண்டு விடை. பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை, கேட்ட கேள்வி வேறு என்றே பொருள். பந்தயம் இல்லாவிட்டாலும் அந்த ஊருக்கு வந்திருக்கக்கூடிய பயணியைக் கழிக்க வேண்டுமா? உள்ளூர்க்காரர் உணவகத்தில் செலவழிக்காமல் பந்தயச் சீட்டில் செலவழித்த பணம் புதுப் பணமா? அடைபட்ட சாலைக்கும் இரைச்சலுக்கும் என்ன விலை? இவற்றைக் கேட்காமல் போடும் கணக்கில் எந்த விழாவும் இலாபமாகவே தெரியும். நம் சுற்றுலாப் புள்ளிவிவரத்துக்கும் இது பொருந்தும். 2022இல் தமிழ்நாட்டில் 21 கோடிக்கும் மேற்பட்ட உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் பதிவாயின. இவை வருகைகளே தவிர ஆட்கள் இல்லை. காஞ்சிபுரத்தில் சாமி கும்பிட்டு மாமல்லபுரத்தில் கடல் பார்த்துத் திரும்பும் ஒரே குடும்பம் இரண்டு ஊர்க் கணக்கிலும் ஏறக்கூடும். அத்தகைய எண்ணை வைத்து ஒரு விழாவின் பயனை நிறுவ முடியாது.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் நடந்த பார்முலா 4 இரவுப் பந்தயம் இந்தக் கேள்விகளை நம் வாசலுக்கே கொண்டுவந்தது. 3.5 கிலோமீட்டர் நகரச் சாலை பந்தயத் தடமாக மாறியது. 2023 டிசம்பரில் நடக்கவிருந்த பந்தயம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிவைக்கப்பட்டது. வெள்ளத்தில் தத்தளித்த நகரத்தில் பந்தயத்துக்குப் பணமா என்ற மக்களின் கேள்வி இயல்பானது. அந்தக் கேள்விக்கு விடை தேடப்பட்ட இடம்தான் கவலைக்குரியது. பொதுநல வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2024 பிப்ரவரியில் பந்தயத்தை அனுமதித்த நீதிமன்றம், அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயைத் தனியார் ஏற்பாட்டாளர் திருப்பித் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஓராண்டு கழித்து உச்ச நீதிமன்றம், விளையாட்டை வளர்க்கத் தனியாருடன் கைகோப்பது அரசின் கொள்கை முடிவு, அதன் நிதி நிபந்தனைகளை நீதிமன்றம் மாற்றி எழுத முடியாது என்று அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி அது சரியான எல்லைக்கோடுதான். ஆனால் நீதிமன்றம் விலகி நிற்க வேண்டிய இடத்தில் சட்டமன்றம் முன்வந்து நின்றிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அரசின் பங்கு எவ்வளவு, வருவாயில் அரசுக்குப் பங்கு உண்டா, தடம் எத்தனை ஆண்டு பயன்படும் என்பவை அவையில் விரிவாக அலசப்பட்டிருந்தால், மக்கள் விடை தேடி நீதிமன்றப் படியேற வேண்டியிருக்காது.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளை இனி எடுத்துக்கொள்வோம். முதல் மறுப்பு, பெருமையையும் ஊக்கத்தையும் ரூபாயில் அளக்க முடியாது என்பது. உண்மைதான். விஸ்வநாதன் ஆனந்தின் ஊரில், 2024இல் உலக சாம்பியனான குகேஷின் மண்ணில், சதுரங்கத்துக்குச் செலவிடுவது வெறும் வியாபாரக் கணக்கில் அடங்காது. அப்படியானால் அதையே காரணமாக வெளிப்படையாகச் சொல்லிப் பணம் கேட்கலாம். நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் நாம் இலாபம் பார்த்தா செலவிடுகிறோம்? பெருமைக்காகச் செய்வதைப் பொருளாதாரப் பயன் என்ற பெயரில் நியாயப்படுத்தும்போதுதான் கணக்கு பொய்யாகிறது. ஊக்கத்தைக்கூட ஓரளவு அளக்க வழி உண்டு: போட்டிக்குப் பின் அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் பலகை எத்தனை, பயிற்சியாளர் எத்தனை, மாவட்டப் போட்டிகளில் பங்கேற்கும் பிள்ளைகள் எத்தனை என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எண்ணலாம்.

இரண்டாவது மறுப்பு நிர்வாகத்திலிருந்து வருவது. முன்கூட்டியே கண்காணித்தால் அதிகாரிகள் முடிவெடுக்கவே அஞ்சுவார்கள், நான்கு மாதத்தில் ஓர் ஒலிம்பியாடை நடத்த முடியாது என்பார்கள். தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இந்தச் சிரமத்தை அறிந்தே இயற்றப்பட்டது. அதன் 16ஆவது பிரிவு அவசர நிலைகளுக்கும் வேறு சில சூழல்களுக்கும் விலக்கு அளிக்கிறது. விலக்கு இருக்கட்டும். எந்தப் பணிக்கு, எந்தக் காரணத்தால், என்ன விலையில் விலக்கு தரப்பட்டது என்று அதே வாரத்தில் வெளியிட்டால் எந்தப் பணியும் தடைபடாது. நேர்மையான அதிகாரிக்கு அது பாதுகாப்பும்கூட. ஐந்தாண்டு கழித்து, ஓய்வுபெற்ற பின், நினைவிலிருந்து விளக்கம் எழுதுவதைவிட, முடிவெடுத்த வாரத்திலேயே காரணத்தைப் பதிவு செய்வது அவருக்கு எவ்வளவோ நிம்மதி. மூன்றாவது மறுப்பு, தொகை சிறியது என்பது. 3 லட்சம் கோடியைத் தாண்டும் மாநில வரவு செலவுத் திட்டத்தில் 92 கோடி ஒரு துளி என்பது சரிதான். ஆனால் காலை உணவின் முதற்கட்டத்துக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. அந்தச் சிறிய தொகைக்கு கிராம் கணக்கு எழுத முடிந்ததென்றால் பெரியதற்கு ஏன் முடியாது? அதோடு, பல துறைகளில் சிதறிய செலவைக் கூட்டிப் பார்க்கும்வரை அது துளியா என்பதையே சொல்ல முடியாது.

நான்காவது மறுப்பே கனமானது: தணிக்கை அறிக்கை அரசியல் ஆயுதமாகிறது, குறை கண்டாலே ஊழல் என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. காமன்வெல்த் போட்டி தொடர்பான பணமோசடி வழக்கு ஒன்றில் அமலாக்கத் துறை கொடுத்த முடிப்பு அறிக்கையை 2025இல் டெல்லி நீதிமன்றம் ஏற்று வழக்கை முடித்தது. தணிக்கையின் குறைகாணல் வேறு, குற்றத்தீர்ப்பு வேறு. இந்த வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். மாமல்லபுரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் சபை வாரியங்களுக்கு யார் வரலாம் என்று விதிக்கின்றன. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. இரண்டும் தனித்தனி விதிகள். களவு நிரூபணமாக வேண்டியதில்லை. கணக்குக் காட்டாததே தகுதிக்குறை. அந்தத் தெளிவு இன்றும் தேவை. கணக்கு காட்டுவது வாடிக்கையானால் அது பரபரப்பாக இருக்காது. எப்போதோ ஒருமுறை வெளிவரும் கணக்குதான் வெடிகுண்டாகிறது.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய புதுமைகள் இல்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எந்த விழாவுக்கும், எல்லாத் துறைகளின் செலவையும் ஒன்றாகக் கூட்டிய ஒரே கணக்குத் தாளை ஒப்புதல் நாளிலேயே அவையில் வைக்க வேண்டும். அதில் நோக்கம் எது, அதை எந்த அலகால் அளப்போம், எத்தனை ஆண்டு அளப்போம் என்று எழுத வேண்டும். ஒரு சங்கத்தின் செலவில் முக்கால் பங்குக்குக் குறையாமலும், 25 லட்சத்துக்குக் குறையாமலும் அரசு மானியம் இருந்தால் அதைத் தணிக்கை செய்ய 1971ஆம் ஆண்டு சிஏஜி சட்டத்தின் 14ஆவது பிரிவு ஏற்கெனவே வழி தருகிறது. தனியார் பங்காளியோடு போடும் ஒப்பந்தத்திலும் கணக்கைத் திறந்து காட்டும் நிபந்தனை இருக்க வேண்டும். ஏற்பாடு நடக்கும்போதே தணிக்கையாளர் இடைக்கால அறிக்கை தர வேண்டும், அதற்குத் துறை முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். பயனை மதிப்பிடுபவர் விழாத் துறையின் ஊதியம் பெறாதவராக இருக்க வேண்டும். பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்குப் போக வேண்டும். இவற்றில் ஒன்றும் விழாவை நிறுத்தாது. நல்ல விழாவுக்கு நற்சான்று தரும். அடுத்த முறை பணம் கேட்கும்போது அந்தச் சான்றைக் காட்டலாம்.

ஏழைப் பிள்ளையின் தட்டில் 15 கிராம் பருப்பு விழுந்ததா என்று பார்ப்பதில் தவறே இல்லை. அந்தக் கண்டிப்பால்தான் அந்தத் திட்டம் மதிப்புப் பெற்று, படிப்படியாக விரிந்தது. அதைச் சமைக்கும் மகளிர் குழுப் பெண்ணிடம் நாம் நாள்தோறும் கேட்கும் கணக்கை, மேடையும் தடமும் அமைப்பவரிடமும் அதே மரியாதையோடு, அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். இரண்டும் ஒரே கருவூலத்திலிருந்து வரும் பணம். அளக்கும் படியும் ஒன்றாகவே இருக்கட்டும்.